ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டில், அம்மாக்கள் பல்லடத்தில்

நம் ஊர்த் தாய்மாரைப் பற்றி 40 ஆண்டுகளாக எழுதப்பட்டவை எதுவும் அந்தத் தாய்மாரின் கைக்கு வந்து சேரவில்லை. அதற்கான விலையை அவர்களே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலை எட்டு மணி. பல்லடத்திலிருந்து மங்கலம் போகும் சாலையில் பனியன் கம்பெனி வேன்கள் நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. தூக்குப்போசியும் கையுமாக ஏறுகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று தெரியும். கல்யாணமாகாத இளம்பெண்கள் ஏறுகிறார்கள். பிள்ளைகளை ஓரளவு வளர்த்து ஆளாக்கிவிட்ட நடுவயதுக்காரர்கள் ஏறுகிறார்கள். கைக்குழந்தைக்காரர்கள் மிகக் குறைவு. அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையை விட்டு உள்ளே, சாமளாபுரம், காரணம்பேட்டைப் பக்கத்துத் தறிக் குடோன்களுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாத இரைச்சல். ஒரு மூலையில் பழைய நூல்சேலையில் கட்டிய தூளி. தூளியிலிருந்து ஒரு கயிறு தார் சுற்றும் இயந்திரம் வரைக்கும் நீள்கிறது. நூல் அறுந்தால் அந்தப் பெண்ணின் கை இயந்திரத்துக்குப் போகிறது. குழந்தை சிணுங்கினால் அதே கை கயிற்றுக்குப் போகிறது. கூலி, சுற்றிய தாருக்கு மட்டும்தான்.

இந்தக் காட்சி ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. திருப்பூர் வட்டாரத்துப் பெண்கள் எந்த வயதில் வேலைக்குப் போகிறார்கள், எப்போது நிற்கிறார்கள், ஏன் கம்பெனியை விட்டுத் தறிக்கும் தறியை விட்டு வீட்டுக்கும் நகர்கிறார்கள் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்காக வீடு வீடாகக் கேட்டு எழுதப்பட்டிருக்கின்றன. தாய்மை என்பது இயற்கை மட்டுமல்ல, உழைப்பும் அதிகாரமும் சாதியும் கூலியும் கலந்த ஒரு சமூக ஏற்பாடு என்று காட்டும் பெண்ணிய ஆய்வுகள் அவை. ஆனால் எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். வெளிவந்த இடம் பல்கலைக்கழக இதழ்களும் விலை கூடிய நூல்களும். பதில் சொன்ன பெண்களுக்கு, தங்கள் பதில்களெல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று என்று தெரியாது.

இது கல்வித்துறையின் உள்விவகாரம் என்று விட்டுவிடக்கூடிய நிலையிலும் நாம் இல்லை. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவில் பதினாறும் பெற்று வாழ்வது பற்றி முதல்வர் மு.க. ஸ்டாலின் பேசியதும், 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் வீட்டுத் திண்ணை வரைக்கும் பேச்சாயின. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அதே திசையில்தான் பேசிவருகிறார். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.4 என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு காட்டியது. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். மக்களவை இடங்கள் குறைந்துவிடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கை நேர்செய்யும் பொறுப்பு ஒரு பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேரும்போது, பெற்ற பிள்ளையை யார், எந்த நேரத்தில், எந்தக் கூலியை விட்டுக்கொடுத்து வளர்ப்பது என்ற கேள்வி பொதுமேடையில் எழவேயில்லை. அந்தக் கேள்விக்கான விடைகள்தான் அலமாரியில் இருக்கின்றன.

ஈரோடு ஒருமுறை செய்து காட்டியது

தாய்மை பற்றிய சிந்தனையைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோக முடியாது, அதெல்லாம் படித்தவர் பேச்சு என்று யாராவது சொன்னால், அவர்கள் பல்லடத்திலிருந்து ஈரோடு வரைக்கும் போய்ப் பார்த்தால் போதும். 1925இல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ பத்திரிகை, 1930களில் கர்ப்பத்தடை பற்றி நேரடித் தமிழில் எழுதியது. அதே காலத்தில், 1928இல் தொடங்கிய மதராஸ் நியோ-மால்தூசியன் லீக், சென்னையின் மேல்தட்டு ஆண்களைக் கொண்டு ஆங்கிலத்தில் இதையே பேசிக்கொண்டிருந்தது. பெரியார் அதிலிருந்து விலகி நின்ற இடம் முக்கியமானது. மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கவும் நாட்டின் வறுமை தீரவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் பிரித்துச் சொன்னார். பிள்ளை பெறுவதே பெண் அடிமையாவதற்குக் காரணமாக இருக்குமானால் அதையும் விடலாம் என்கிற அளவுக்குப் போனார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அந்த வாதம் இன்றும் கிடைக்கிறது. இந்தக் காலகட்டத்தை வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் 2008இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அது ஆங்கிலத்தில்.

பின்னால் நடந்தது நமக்குத் தெரியும். சிறு குடும்பம் தமிழ்நாட்டின் வழக்கமாயிற்று. பிறப்பு விகிதம் முன்கூட்டியே குறைந்த பகுதிகளில் கொங்குநாடும் ஒன்று. கல்வி, சத்துணவு, குழந்தை இறப்பு குறைந்தது, நிலம் துண்டாகிவிடுமோ என்ற பயம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு பத்திரிகை மட்டும் செய்த வேலை இல்லை இது. ஆனால் மக்களிடம் போய்ச் சேர்ந்த செய்தியில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தடை வந்தது, அது யாருடைய விடுதலைக்காக என்ற காரணம் வரவில்லை. அரசின் குடும்பநலத் திட்டம் அதை எண்ணிக்கை இலக்காக எடுத்துக்கொண்டது. விளைவு, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆணுக்கான அறுவை எளிது, ஆபத்து குறைவு என்று மருத்துவர்கள் எத்தனை முறை சொல்லியும் இதுதான் நிலை. இன்று குறைவாகப் பெற்றதற்குக் குறை சொல்லும் பேச்சும் அதே பெண்களை நோக்கித்தான் திரும்புகிறது. அரை உண்மை மட்டும் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

கோவையில் பிறந்தவரின் கேள்வி

தமிழ்ச் சூழலில் தாய்மையை ஒரு அரசியலாக எடுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் சி.எஸ். லட்சுமி. வாசகர்களுக்கு அம்பை என்றால் தெரியும். 1944இல் கோவையில் பிறந்தவர். 1988இல் மும்பையில் பெண்களுக்கான ஆவணக் காப்பகமான ‘ஸ்பாரோ’வை நிறுவியவர். 1990இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் தமிழகத்தின் தாய், தாய்க்குலம், தாய் அரசியல் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். போருக்கு மகனை அனுப்பும் சங்ககாலத் தாய் முதல் மேடைகளில் ‘தாய்க்குலமே’ என்று விளிக்கப்படும் வாக்காளர் வரை, தாயை உயரத்தில் ஏற்றிவைக்கும் பேச்சு எப்படி அதே தாயை ஒரு வரம்புக்குள் நிறுத்திவைக்கிறது என்று காட்டிய கட்டுரை அது. 35 ஆண்டுகள் கடந்தும் அதன் கூர்மை மழுங்கவில்லை. ஆனால் அவருடைய ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதை போன தூரத்தில் ஒரு பங்கைக்கூட இந்தக் கட்டுரை தமிழ் வாசகரிடையே போகவில்லை. கதை தமிழில் வந்தது; ஆய்வு ஆங்கிலத்தில் வந்தது. ஒரே மனத்தில் பிறந்த இரண்டு எழுத்துகளின் தலைவிதி மொழியால் இப்படிப் பிரிந்தது.

போற்றிப் பேசுவது வேறு, வலுவூட்டுவது வேறு என்பதை மைத்ரேயி கிருஷ்ணராஜ் தொகுத்து 2010இல் வெளிவந்த இந்தியத் தாய்மை பற்றிய கட்டுரை நூலும் தன் தலைப்பிலேயே கேள்வியாக வைத்தது. தாய்மை ஆய்வு என்று ஒரு தனித்துறையையே கட்டியெழுப்பிய கனடாவின் ஆண்ட்ரியா ஓ’ரெய்லி, பெரிய பதிப்பகங்களை நம்பியிராமல் 2006இல் டிமீட்டர் பிரஸ் என்ற பதிப்பகத்தையே தொடங்கினார். ஆய்வை எழுதுவதோடு வேலை முடிவதில்லை, அதைக் கொண்டுசேர்க்கும் வழியையும் ஆய்வாளர்களே கட்ட வேண்டும் என்ற தெளிவு அங்கே இருந்தது. இங்கே அந்த இரண்டாவது பாதி காலியாகவே கிடக்கிறது.

பெட்டிச் செய்தி: நேரம் எங்கே போகிறது?
*மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். சமையல், துவைத்தல், பெருக்குதல் முதலான கூலியில்லாத வீட்டு வேலை தனிக்கணக்கு: பெண் 289 நிமிடம், ஆண் 88 நிமிடம்.*

வீட்டோடு இருப்பது பின்னடைவா?

இந்த ஆய்வுகளைத் திறந்து படிக்காதவர்கள், உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். பெண் வேலைக்குப் போனால் விடுதலை, வீட்டிலிருந்தால் அடிமை என்று எழுதியிருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். நம் வட்டாரத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று அப்படிச் சொல்லவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியைச் சேர்ந்த ஜூடித் ஹெயர், 1981-82 முதல் கோவை, திருப்பூர்ப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆய்ந்தவர். 2008-09 வரையிலான மாற்றங்களை வைத்து, தலித் பெண்கள் ‘இல்லத்தரசி’ ஆவதைப் பற்றி அவர் எழுதியது 2014இல் வெளிவந்தது. முதல் ஆய்வின்போது தலித் வீடுகளில் பெண்கள் காட்டு வேலைக்குப் போகாமல் குடும்பம் நடக்காது. பிறகு ஆண்களுக்கு விவசாயத்துக்கு வெளியே வேலையும் கூலியும் கூடின. பெண்களில் ஒரு பகுதியினர் கூலி வேலையை விட்டு வீட்டோடு நின்றார்கள்.

பாடநூல் பார்வையில் இது பின்னடைவு. அந்தப் பெண்களில் பலரின் பார்வையில் இது ஒரு மீட்சி. வெயிலில் குனிந்து களையெடுப்பதோடு, நிலத்துக்காரரின் அதட்டலுக்குக் கட்டுப்பட்டு, சாதி இழிவையும் விழுங்கிக்கொண்டு செய்த வேலை அது. அதை விட்டு, தன் பிள்ளைக்குச் சூடாகச் சோறு போட்டு, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் அனுப்ப முடிவதை அவர்கள் இழப்பாக எண்ணவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் உழைத்த ஒரு பெண், தன் பிள்ளைக்குத் தாயாக இருக்க முழு நேரம் கிடைத்ததைப் பெருமையாக நினைப்பதில் என்ன குறை? அதே சமயம், கையில் சொந்தக் காசு இல்லாமல் கணவனை முழுக்கச் சார்ந்திருக்கும் நிலையும் வந்தது என்பதை ஹெயர் மறைக்கவில்லை. லாபமும் நட்டமும் ஒரே நேரத்தில் நடந்தன. கொங்குநாட்டுச் சாதி அமைப்பைத் தொடாமல் தாய்மையைப் பேசவே முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேடைப் பேச்சும் சொன்னதில்லை. இது அந்தக் கிராமங்களின் பெண்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டிய பக்கம்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல் 2016இல் எழுதிய ஆய்வு இதன் அடுத்த பாதியைக் காட்டுகிறது. திருப்பூர் ஜவுளித் தொழிலில் ஒரு பெண் சேர்வதா இல்லையா என்ற போராட்டம் கம்பெனி வாசலில் நடப்பதில்லை, வீட்டுக்குள் நடக்கிறது என்பது அவர் கண்டது. கணவன் சம்மதம், ஊர்ப்பேச்சு, மாமியார் இருக்கிறாரா, பிள்ளைக்கு எத்தனை வயது என்பவையே ஒரு பெண்ணின் வேலையைத் தீர்மானிக்கின்றன. தொழிலாளர் பற்றாக்குறை என்று வடமாநிலங்களிலிருந்து ஆள் எடுக்கும் ஊரில், பத்துக் கிலோமீட்டர் தள்ளி தையல் தெரிந்த பெண்கள் வீட்டோடு இருப்பதற்கு விளக்கம் இதற்குள் இருக்கிறது.

யார் பார்த்துக்கொள்வது?

அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, பார்த்துக்கொள்வார். பல்லடம் வட்டாரத்தில் குழந்தைப் பராமரிப்புக் கொள்கை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் என்பது காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை. ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை. அங்கன்வாடி மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும். அதுவும் இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத்தான். மகப்பேறு விடுப்பு முடிவதற்கும் குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்கும் இடையிலான ஒன்றரை ஆண்டுக்கு அங்கன்வாடியிடம் விடை இல்லை. அந்த இடைவெளியில்தான் பெண்கள் கம்பெனி வேலையை இழக்கிறார்கள், அதோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொடர்ச்சியையும் இழந்து, தறிக் குடோனின் தினக்கூலிக்கோ வீட்டில் பிசிறு வெட்டும் பீஸ் ரேட்டுக்கோ இறங்குகிறார்கள். திரும்ப ஏறுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பெட்டிச் செய்தி: சட்டத்தில் இருக்கிறது, குடோனில் இல்லை
*மகப்பேறு பயன் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாயிற்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 50 என்ற எல்லையையே தொடர்கிறது. நான்கைந்து பேர் வேலை செய்யும் விசைத்தறிக் குடோன் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அது பிரசவத்தைச் சுற்றிய மாதங்களோடு முடிகிறது.*

குழந்தை இல்லாத பெண்ணைப் பற்றியும் இங்கே ஒரு சொல். தாய்மையைப் பெண்ணின் ஒரே தகுதியாக்கினால், தாயாகாதவரை ஊர் என்ன செய்யும் என்பதை 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ திருச்செங்கோட்டை வைத்துச் சொன்னது. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பும், எழுத்தாளர் எழுத்தையே துறந்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் கருத்துச் சுதந்திரம் பற்றி நிறையப் பேசினோம். பிள்ளையில்லாத பெண்கள் கல்யாண வீடுகளிலும் வளைகாப்புகளிலும் படும் அவமதிப்பைப் பற்றி, அதாவது நாவலின் மையத்தைப் பற்றி, பேசியது மிகக் குறைவு. இன்று அந்த அவமதிப்பின் மேல்தான் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன.

“இதெல்லாம் தெரிந்ததுதானே” என்பவர்களுக்கு

பெண்ணியம் தாய்மையை இழிவு செய்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1976லேயே இதற்கு விடை தந்துவிட்டார். தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு ஒன்று. அந்த உறவை வைத்துச் சமூகம் பெண்ணுக்கு விதிக்கும் சட்டதிட்டம் இன்னொன்று. இரண்டாவதை விமர்சிப்பது முதலாவதைக் காப்பாற்றத்தான். ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் தாய்க்குத் தூங்கிவிட்ட குழந்தையின் முகம் மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், தாய்மையை இழிவு செய்தது யார்?

கனமான ஆட்சேபம் வேறு ஒன்று. தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பெண்களுக்குத் தெரியாததை ஆய்வாளர் வந்து சொல்லப்போகிறாரா என்று கேட்கிறார்கள். தெரியும்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் அது தன் தலையெழுத்தாகத் தெரிகிறது. என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால் நின்றுவிட்டேன். அவர் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, அதனால் அவரும் நின்றுவிட்டார். நூறு வீட்டின் தனித்தனிக் காரணங்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால்தான் காப்பகம் இல்லாத ஒரு தொழில் நகரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வு தருவது அந்தப் பார்வையைத்தான். குறையைத் தனக்குள் தேடுகிற பெண், அதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

மூன்றாவது ஆட்சேபம் ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. அதை மதிக்க வேண்டும். கிராமத்தின் பெயரை மறைத்து, பேசியவர்களுக்கு உறுதி கொடுத்து எழுதியதை அதே ஊரில் வாசித்தால், யார் என்ன சொன்னார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். சாதியும் மாமியார் வீடும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது ஆபத்து. அதற்காகப் பேசாமல் இருப்பது தீர்வாகாது. ஒரு வட்டாரத்தின் பல ஆய்வுகளைச் சேர்த்து, ஊர் பெயர் இல்லாமல், மகளிர் குழுக்களுக்குள் பெண்களே நடத்தும் கூட்டங்களில் பேச முடியும். 1990களின் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சேர்த்து உடல்நலத்தையும் சட்டத்தையும் சின்னச் சின்னத் தமிழ்ப் புத்தகங்களாகவும் வீதி நாடகமாகவும் கொண்டுபோனது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அதன் பக்கவிளைவு. அதைச் செய்த மாநிலம்தான் இது.

கருத்துகள் பொதுவெளிக்கு வந்தால் பலன் உண்டு என்பதற்கு அண்மைச் சான்றுகளும் இருக்கின்றன. வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் உற்பத்திக்கு ஈடான உழைப்பு என்பது 1970களில் பெண்ணியர்கள் எழுப்பிய வாதம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது நின்றது அந்த வாதத்தின் மேல்தான். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத்தொகையைக் கூலியில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசு அறிவித்தது. 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு, எந்த ஆய்வையும் மேற்கோள் காட்டாமலே தாய்மாரின் காலை நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. இவையெல்லாம் போதுமானவை அல்ல. ஆனால் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஆகவே கோரிக்கைகளைச் சொல்லிவிடலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனத்திலும் மகளிர் கல்வியைப் பேசும் துறைகள் இருக்கின்றன. கொங்குநாட்டுப் பெண்கள் பற்றி வெளிவந்த ஆய்வுகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து, எட்டாம் வகுப்புப் படித்தவரும் வாசிக்கும்படி வெளியிடும் வேலையை அவை எடுத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வுக்கும், தகவல் திரட்டிய மாவட்டத்தில் தமிழில் முடிவைச் சொல்லும் கூட்டம் ஒரு நிபந்தனையாக வேண்டும். வெளிநாட்டு ஆய்வாளர்களின் நூல்களுக்கு மொழிபெயர்ப்பு உரிமை பெறத் தமிழ்ப் பதிப்பகங்கள் முன்வர வேண்டும். கதைகளுக்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

பல்லடம் ஒன்றியத்து ஊராட்சிகளில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் ‘மிஷன் சக்தி’யில் ‘பால்னா’ என்ற திட்டம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை பார்த்துக்கொள்ள, அங்கன்வாடியோடு காப்பகமும் சேர்த்து நடத்த அதில் இடமுண்டு. அடுத்த கிராம சபையில், உங்கள் ஊருக்கு அப்படி ஒன்று வேண்டும், அது காலை எட்டு மணிக்குத் திறந்து ஷிப்ட் முடியும் வரை நடக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அதைப் பெண்களே முன்மொழியட்டும்.